எலக்ட்ரிக் கிட்டார் மாடல்கள்: பழசே போதுமா, புதுசும் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த கிட்டார் நிறுவனத்தின் பட்டியலைத் திறந்தாலும் 1950களின் உருவங்கள்தான் முன்னால் நிற்கின்றன. அதே பட்டியலில் ஒரே மாடல் பத்துப் பதினைந்து வகையாகப் பிரிந்தும் கிடக்கிறது. 'புதுசா ஒண்ணுமே இல்லை' என்று ஒரு தரப்பு சலித்துக்கொள்கிறது. 'எதுக்கு இத்தனை வகை' என்று இன்னொரு தரப்பு எரிச்சல்படுகிறது. இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எழுபது வருடம் தாண்டியும் ஏன் அதே நாலைந்து உருவங்கள்?

முதலில் தேதிகள். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது. அடுத்த வருடம் இன்றைய பெயருக்கு மாறியது. கிப்சனின் லெஸ் பால் 1952. ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், 1954. நடுவில் கட்டையும் இரண்டு பக்கமும் உள்ளீடற்றும் இருக்கும் கிப்சன் இஎஸ்-335 வந்தது 1958இல். ஒன்பது வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று விற்கும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த நான்கின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான்.

இதை வெறும் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. எலக்ட்ரிக் கிட்டாரில் நல்ல சத்தம் எது என்று அளக்க நமக்கு இருக்கும் அளவுகோல் பழைய இசைத்தட்டுகள். அவற்றில் ஒலித்தவை இந்தக் கிட்டார்கள். ஆம்ப்ளிஃபையர் செய்தவர்களும், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல் செய்தவர்களும் இவற்றைச் செருகித்தான் சோதித்தார்கள். புதிதாக ஒன்றைச் செய்து கொண்டுவருபவர் 'இது நன்றாக இருக்கிறது' என்று சொல்லி நிறுத்த முடியாது. 'ஸ்ட்ராட்டில் இல்லாத எது இதில் இருக்கிறது?' என்பது அடுத்த கேள்வியாக வந்து நிற்கும்.

அப்படியானால் அந்தப் பழைய வடிவங்களில் குறையே இல்லையா?

நிறையவே உண்டு. கம்பிகள் உடம்பில் வந்து நிற்கும் பாகம் பிரிட்ஜ், அதில் கம்பியைத் தாங்கும் துண்டு சேடில். டெலிகாஸ்டரின் பழைய பிரிட்ஜில் ஆறு கம்பிக்கு மூன்றே சேடில். இரண்டு கம்பிக்கு ஒன்று என்பதால், ஒன்றுக்குச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பி கொஞ்சம் விலகும். மேல் ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) சுருதி சுத்தமாக நிற்காது. லெஸ் பாலின் கழுத்து உடம்போடு சேரும் இடம் தடிமன், கடைசி ஃப்ரெட்களுக்கு விரல் போக மல்லுக்கட்ட வேண்டும். அதன் ஹெட்ஸ்டாக், அதாவது சுருதி சேர்க்கும் திருகுகள் இருக்கும் தலைப்பகுதி, பின்பக்கமாகச் சுமார் 17 டிகிரி சாய்ந்திருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்த லெஸ் பால் சரிந்து விழுந்தால் கழுத்து அங்கேதான் முறியும்.

ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்அப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள். ஆனால் ஸ்விட்சில் மூன்றே நிலை. வாசித்தவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்அப்பும் சேர்ந்து மணி போல ஒரு சத்தம் வந்தது, பிடித்துப்போயிற்று. ஐந்து நிலை ஸ்விட்சை ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே வைக்கத் தொடங்கியது 1977இல்தான். 'ஸ்ட்ராட் சத்தம்' என்று இன்று எல்லோரும் சொல்லும் ஒன்று, வடிவமைத்தவரின் திட்டத்திலேயே இல்லாதது.

இதெல்லாம் எப்படித்தான் மரபு ஆனது? நிறுவனங்கள் கட்டிக்காத்ததாலா?

அவர்கள் காக்கவில்லை, பலவற்றைக் கைவிட்டார்கள். 1957இல் லெஸ் பாலுக்கு ஹம்பக்கர் என்ற, இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்அப் வந்தது. அடுத்த வருடம் மேப்பிள் முகத்தில் சன்பர்ஸ்ட் நிறம் வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் சொத்தை விற்று வாங்கும் கிட்டார் அதுதான், ஆனால் அன்று சரியாக விற்கவில்லை. 1961இல் கிப்சன் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு, மெல்லிய உடம்பும் இரண்டு கொம்பும் கொண்ட இன்னொன்றைக் கொண்டுவந்தது. இப்போது அதை எஸ்ஜி என்கிறோம். பிறகு 1960களின் நடுவில் எரிக் கிளாப்டன், மைக் புளூம்ஃபீல்ட் போன்றவர்கள் கைவிடப்பட்ட அந்த லெஸ் பால்களை ஆம்ப்ளிஃபையரில் செருகிச் சத்தத்தைக் கூட்டினார்கள். எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். 1968இல் கிப்சன் அதை மறுபடி செய்யத் தொடங்கியது.

1958இல் வந்த ஃப்ளையிங் வி கதை இன்னும் வேடிக்கை. அம்பு முனை போன்ற அந்தக் கிட்டார் முதல் சுற்றில் நூறுகூட விற்கவில்லை. ஆல்பர்ட் கிங் போன்ற ஒருசிலர் விடாமல் வாசித்தார்கள். 1960களின் பிற்பாதியில் திரும்பி வந்தது. இன்று ஹெவி மெட்டல் என்றால் அந்த உருவம்தான் நினைவுக்கு வருகிறது. அதே 1958இல் ஃபெண்டர் தன் பட்டியலின் உச்சியில் வைத்த ஜாஸ்மாஸ்டரை, பெயரில் இருக்கும் ஜாஸ் கலைஞர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சர்ஃப் இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தேவை குறைந்து, 1980 வாக்கில் உற்பத்தியே நின்றது. அதற்குள் செகண்ட் ஹேண்டில் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் பங்க் இசை வாசித்த இளைஞர்கள் கையில் சேர்ந்தது. எல்விஸ் காஸ்டெல்லோ, டாம் வெர்லேன், பின்னால் சோனிக் யூத். இன்று ஃபெண்டர் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம்.

ஆக, எது மரபாகும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கவில்லை. நிறுவனம் அள்ளித் தெளித்த பலவற்றிலிருந்து, புதுசு வாங்கக் காசில்லாதவர்கள் பொறுக்கி எடுத்ததற்குத்தான் இப்போது மரபு என்று பெயர். 'மரபா, புதுமையா' என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

2015இல் கிப்சன் புதுமை செய்தபோது மட்டும் ஏன் அவ்வளவு கோபம்?

நடந்தது இது. அந்த வருடம், லெஸ் பால் என்ற கலைஞரின் நூற்றாண்டு. கிப்சன் தன் பெரும்பாலான எலக்ட்ரிக் மாடல்களில் ஒரே அடியாகப் பலவற்றை மாற்றியது. மோட்டார் வைத்துத் தானாகச் சுருதி சேர்க்கும் கருவி ஹெட்ஸ்டாக்கின் பின்னால் ஏறியது. கழுத்து அகலமானது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டுக்குப் பதிலாக, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பித்தளையில் ஒரு பூஜ்ய ஃப்ரெட் வந்தது. ஹெட்ஸ்டாக்கில் வழக்கமான எழுத்துக்குப் பதில் நூற்றாண்டுக் கையெழுத்து. இவற்றோடு விலையும் ஏறியது.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பைத்தியக்காரத்தனம் இல்லை. மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுகிறவருக்குத் தானியங்கிக் கருவி உதவத்தான் செய்யும். பூஜ்ய ஃப்ரெட் பழைய யோசனை, நல்ல யோசனை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. வழக்கமான லெஸ் பால் ஸ்டாண்டர்டு வேண்டும் என்று வந்தவருக்கு, அந்த வருடத்துப் புதுக் கிட்டார்களில் அது இல்லை. பெயர் இருந்தது, பொருள் மாறியிருந்தது. ஒரு ஹோட்டலுக்குப் புது அயிட்டம் கொண்டுவர எல்லா உரிமையும் உண்டு. சாம்பார் கேட்டவர் தட்டில் அதை ஊற்றிவிட்டு இனி இதுதான் சாம்பார் என்று சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

2016இல் கிப்சன் பட்டியலை இரண்டாகப் பிரித்தது: பழைய முறையில் ஒன்று, புது வசதிகளோடு ஒன்று. இதை ஒரு வருடம் முன்பே செய்திருந்தால் அந்தத் தானியங்கிக் கருவிக்குக்கூட ஓரளவு மரியாதை கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தத் தானியங்கிக் கருவியால்தான் கிப்சன் திவாலானது என்கிறார்களே?

அது சுவையான கதை, ஆனால் சரியில்லை. 2018 மே மாதம் கிப்சன் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டதற்குப் பெரிய காரணம், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் போன்ற வீட்டு மின்னணுப் பொருள் வியாபாரத்தை வாங்கிப்போட்டு ஏற்றிக்கொண்ட கடன். கிட்டார் பிரிவு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வருடக் கடைசியில் புது நிர்வாகத்தோடு வெளியே வந்த கிப்சன், 2019 பட்டியலை 'ஒரிஜினல்', 'மாடர்ன்' என்று இரண்டு தெளிவான வரிசையாக வைத்தது. மேலே சொன்ன பாடத்தைக் கொஞ்சம் தாமதமாகப் படித்திருக்கிறார்கள்.

எந்த மாற்றத்தை வாசிப்பவர்கள் ஏற்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள்?

என் கணக்கில் ஒரு எளிய சோதனை உண்டு. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரியுமா? தெரியாது என்றால், மரபு அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட், கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் டியூனர், இரைச்சல் குறைத்த சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்அப், வறுத்த மேப்பிள் கழுத்து, கீழே வளைவாகத் தொடங்கி மேலே தட்டையாகிக்கொண்டே போகும் ஃபிங்கர்போர்டு (கழுத்தில் விரல் படும் பலகை), உள்ளே குடைந்து எடை குறைத்த லெஸ் பால் உடம்பு: இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்துவிட்டன. பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை. உடம்பைக் குடைந்ததற்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பார்க்கர் ஃப்ளை. 1993இல் வந்தது. மெல்லிய மர உடம்பின் மேல் கார்பன், கண்ணாடி இழைத் தோல், எடை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு, ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட், அகூஸ்டிக் சத்தம் தரும் பீசோ பிக்அப் பிரிட்ஜிலேயே. பொறியியல் என்று பார்த்தால் அந்தக் காலத்தின் முன்னணிக் கிட்டார். ஆனால் உருவம் யாருக்கும் பழகவில்லை. கடைசியில் உற்பத்தி நின்றுபோனது. அதில் இருந்த வசதிகள் சாகவில்லை. ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்டும் பீசோவும் இன்று பழைய உருவம் கொண்ட எத்தனையோ கிட்டார்களில் உண்டு. மொத்தமாக வந்தபோது கதவு திறக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்தபோது எல்லோரும் உள்ளே விட்டார்கள்.

அப்படியானால் ஏழு கம்பிக் கிட்டாரும் ஹெட்ஸ்டாக் இல்லாத கிட்டாரும் எப்படிப் பிழைத்தன? அவை கண்ணுக்குத் தெரிகின்றனவே!

நல்ல கேள்வி. இங்கே என் சோதனை தோற்கிறது, காரணம் இருக்கிறது. உருவ மாற்றத்தை நிறுவனம் திணித்தால் தள்ளுவார்கள். புது இசைக்கு அது தேவைப்பட்டால் கேட்டு வாங்குவார்கள்.

ஜப்பானின் ஐபனீஸ் நிறுவனம் 1987இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வையோடு சேர்ந்து ஜெம் மாடலைக் கொண்டுவந்தது. அதே வருடம் ஆர்ஜி மாடல். 1990இல் ஏழு கம்பி கொண்ட யுனிவர்ஸ். முதலில் அதைத் தொழில்நுட்ப வித்தைக்காரர்களின் கருவி என்றுதான் பார்த்தார்கள். 1990களின் நடுவில் கார்ன் போன்ற குழுக்கள் அந்தக் கீழ் கம்பியைக் கனமான ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்குகள்) பயன்படுத்தியதும் தேவை உருவாகிவிட்டது. அந்தக் கீழ்ச்சுருதியைச் சாதாரண ஸ்ட்ராட்டில் வைத்தால் கம்பி தளர்ந்து தொங்கும். மாற்று வழி இல்லாத இடத்தில் மரபு ஒதுங்கிக்கொள்கிறது.

ஹெட்ஸ்டாக் இல்லாத வடிவத்தை 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் கொண்டுவந்தார். எண்பதுகளோடு அது ஒரு பேஷனாக முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். எட்டு கம்பி, நீளக் கழுத்து என்று மெட்டல் கிட்டார்கள் பெருத்த பிறகு, எடையும் சமநிலையும் தலைவலியாகி, ஸ்வீடனின் ஸ்ட்ராண்ட்பெர்க் போன்றவர்கள் வழியாக அது திரும்பி வந்தது. புளூஸ் வாசிப்பவர்களிடம் மட்டும் இன்றும் விலைபோகாது.

ஒரே ஸ்ட்ராடோகாஸ்டரில் எதற்கு இத்தனை வகை? பெயர்ப் பலகைதான் வேறா?

பாதி பெயர்ப் பலகைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆறு நிறம், இரண்டு வகை ஃபிங்கர்போர்டு, இரண்டு வகை பிக்அப் அமைப்பு என்றாலே 24 கிட்டார் ஆகிவிடுகிறது. அவற்றில் உண்மையான தேர்வு இரண்டோ மூன்றோதான்.

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஃபெண்டர் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது ஃபிங்கர்போர்டின் வளைவு, அதாவது ரேடியஸ். பழைய அசல்களைப் பின்பற்றும் அமெரிக்கன் வின்டேஜ் 2 வரிசையில் அது 7.25 அங்குலம்: நல்ல வளைவு, கார்டு பிடிக்கச் சுகம், ஆனால் கம்பியைத் தாழ்வாக வைத்து மேலே இழுத்து வளைத்தால் சத்தம் செத்துவிடும். அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் வரிசையில் 9.5 அங்குலம். அல்ட்ரா வரிசையில் 10இல் தொடங்கி 14 வரை தட்டையாகிறது. கிப்சனில் வழக்கமாக 12. ஐபனீஸ் ஆர்ஜியில் இன்னும் தட்டை. நிறத்தையும் பெயரையும் மூடிவிட்டு இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பட்டியல் பாதியாகிவிடும்.

அடுத்தது ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம். ஃபெண்டர் 25.5 அங்குலம், கிப்சன் சுமார் 24.75, பிஆர்எஸ் என்ற இன்னொரு நிறுவனம் நடுவில் 25, ஃபெண்டரிலேயே ஜாகுவார் 24. நீளம் குறைந்தால் அதே கம்பி அதே சுருதியில் இளகி நிற்கும். விரலுக்கு இது உடனே தெரியும்.

பிறகு பிக்அப். சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா என்பது எவருக்கும் கேட்கும் வித்தியாசம். ஒரு ஹம்பக்கருக்கும் இன்னொரு ஹம்பக்கருக்கும் உள்ள வித்தியாசத்தை விளம்பரம் எழுதுகிறவர்கள் சொல்லும் அளவுக்கு நம்ப வேண்டாம்.

விசித்திரமான மாடல்கள் ஏன் பெரும்பாலும் விலை குறைந்த பிராண்டில் வருகின்றன?

ஆபத்து குறைவு என்பதால். ஃபெண்டரின் கீழ்வரிசையான ஸ்குவையர், கிட்டார் பெயராக 1982இல் தொடங்கியது. 2020இல் அது 'பாராநார்மல்' என்று ஒரு வரிசை விட்டது: சைக்ளோன், டொரோனாடோ, சூப்பர்-சோனிக் என்று ஃபெண்டர் குடும்பம் முன்பு செய்து கைவிட்டவை, ஜாஸ்மாஸ்டர் போல உடம்பு கோணிய டெலிகாஸ்டர், இப்படி. சும்மா ஆசைக்கு ஒன்று என்று வாங்கக்கூடிய விலை. பிடிக்காவிட்டால் நிறுவனத்தின் பெயருக்குக் கேடில்லை, வாங்கியவருக்கும் பெரிய நஷ்டமில்லை. புதுமைக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்றே தோன்றுகிறது.

மேல்வரிசையிலும் ஃபெண்டர் கவனமாகத்தான் போகிறது. 2019இல் வந்த அகூஸ்டாசோனிக் டெலிகாஸ்டர், உள்ளீடற்ற உடம்பில் நடுவில் துளையோடு வந்த கலப்பினம். பழைமைவாதிகள் கிண்டல் செய்தார்கள். ஆனால் வழக்கமான டெலிகாஸ்டர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் கிண்டல் கோபமாக மாறவில்லை.

மரம் மாறுவதும் புதுமையா?

இல்லை, அது கட்டாயம். 2017 ஜனவரியில், ஃபிங்கர்போர்டுக்குப் பயன்படும் ரோஸ்வுட் இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ போன்ற மரங்களுக்கு மாறின. 2019 கடைசியில் முழுமையான இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்ததும் சிலர் திரும்பினார்கள். ஆஷ் மரத்தை ஒரு வண்டு அரித்துத் தீர்ப்பதால், ஃபெண்டர் 2020இல் தன் வழக்கமான உற்பத்தியிலிருந்து அதைக் குறைப்பதாக அறிவித்தது. ஐம்பதுகளின் டெலிகாஸ்டர் என்றாலே ஆஷ் உடம்புதான். மரபை மாற்ற முடியாது என்று சாதிக்கிறவர்கள் வண்டிடம் போய் வாதாட வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் உருவத்தை மற்றவர்கள் எப்படிச் செய்ய முடிகிறது?

ஃபெண்டர் தாமதமாக விழித்துக்கொண்டது. ஸ்ட்ராட், டெலி, பிரிசிஷன் பேஸ் உடம்புகளின் வெளிக்கோட்டை வணிகச் சின்னமாகப் பதிய அது கேட்டபோது, 2009இல் அமெரிக்க வணிகச் சின்னத் தீர்ப்பாயம் மறுத்தது. பல ஆண்டுகளாக எல்லோரும் செய்து அது பொதுச்சொத்தாகிவிட்டது என்பதே காரணம். ஹெட்ஸ்டாக் உருவம் மட்டும் ஃபெண்டருடையது. அதனால்தான் மற்றவர்களின் ஸ்ட்ராட்கள் தலையில் மட்டும் வேறுபடுகின்றன. கிப்சன், பிஆர்எஸ்ஸின் ஒற்றைக் கொம்பு மாடலைத் தடுக்க வழக்குப் போட்டு முதலில் வென்றது; 2005இல் மேல்முறையீட்டில் தோற்றது. இந்தத் தீர்ப்புகள் இல்லையென்றால் நடுத்தர விலையில் நல்ல கிட்டார் கிடைப்பது அரிதாகியிருக்கும்.

பட்டியலைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா?

ரிக்கன்பேக்கர் பிழைக்கிறது. 330, 360, பேஸில் 4003 என்று ஒரு கைப்பிடி மாடல்கள், பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகளாக. ஆனால் அந்த மணியோசை வேண்டுபவர்கள் மட்டும்தான் அங்கே போவார்கள். எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

தேய்ந்துபோனது மாதிரி செய்து விற்கும் ரெலிக் கிட்டார்?

ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995இல் அதைத் தொடங்கியது. கழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருப்பது கைக்கு உண்மையிலேயே சுகம். மீதி எல்லாம் அலங்காரம். பிடித்திருந்தால் வாங்கலாம், மரபு என்று நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை.

சரி, நான் எதை வாங்குவது?

முதல் கிட்டார் என்றால் ஸ்ட்ராட் வகையோ லெஸ் பால் வகையோ போதும், யார் செய்ததாக இருந்தாலும். பயிற்சிப் பாடங்களில் சொல்லும் ஸ்விட்ச் நிலை உங்கள் கிட்டாரிலும் இருக்கும்; விற்க நினைத்தால் வாங்க ஆள் இருக்கும்; ரிப்பேர் செய்கிறவருக்கும் பழகிய பொருள்.

இரண்டாவது, மூன்றாவது கிட்டாருக்கு மனம் போன பக்கம் போங்கள். ஆனால் விசித்திர மாடலைப் புதிதாக வாங்காமல் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். அவை பெரும்பாலும் வேகமாக விலை இறங்கும். வாங்கும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பிக்அப் பொது அளவில் இருக்கிறதா? பிரிட்ஜைக் கழற்றினால் வேறு பிரிட்ஜ் அந்தத் துளைகளில் உட்காருமா? தனி அளவில் செய்த பாகங்கள் என்றால், அந்த மாடலை நிறுவனம் நிறுத்திய பிறகு உடைந்த ஒரு சேடிலுக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும்.